நரியின் வளையில் நடனம்

(ஒரு தொழிலாளர் படிப்பகத்தின் வாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரே ஒரு படம். வர்ணம் கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள், அவ்வளவுதான். ஒரு இரவு விடுதியில் கனவான்களும் சீமாட்டிகளும் ஜோடி ஜோடியாக நடனமாடுகிறார்கள். 1919ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மாக்ஸ் பெக்மன் என்ற ஓவியர் வரைந்து அச்சிட்டது. படத்தின் பெயர் "மாலெபார்ட்டுஸ்".

உள்ளே வரும்போதே வாசலில் ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் ஐயா, வேறு விஷயம் கிடைக்கவில்லையா? பணக்காரன் குடித்துவிட்டு ஆடுவதைப் பார்க்கவா நாங்கள் ஷிப்ட் முடிந்து, பஸ் ஏறி இங்கே வருகிறோம்? போதாக்குறைக்கு படத்தில் ஒரு முகமும் முகமாக இல்லை. கையும் காலும் கோணல் மாணல். இதில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதுதான் இன்று என் வேலை. அந்தத் தோழர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பேசி முடித்த பிறகு அவருடைய அபிப்பிராயத்தையே கேட்போம்.

கல்லில் பிறந்த படம்

முதலில் இது எப்படி உண்டானது என்று பார்ப்போம். இது கல்லச்சுப் படம்; லித்தோ. நம் சிவகாசியில் காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சிட்டார்களே, அந்தத் தொழிலின் மூலமுறை இது. 1796 முதல் 1798 வரை முயன்று இதைக் கண்டுபிடித்தவர் அலாய்ஸ் செனஃபெல்டர் என்ற ஜெர்மானியர். அவர் நாடகம் எழுதியவர். நாடகத்தை அச்சிடப் பணம் இல்லை. மலிவாக அச்சிட வழி தேடினார். பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபன் என்ற இடத்தில் வெட்டியெடுக்கும் வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்தான் அவருக்குக் கைகொடுத்தது.

முறை எளியது. கல்லின்மேல் பிசுக்குள்ள மையால் அல்லது கட்டியால் படத்தை வரைய வேண்டும். பிறகு பக்குவம் செய்து கல்லை நனைக்க வேண்டும். வெறுங்கல் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். பிசுக்குள்ள கோடு தண்ணீரைத் தள்ளிவிடும். இப்போது மை உருளையை உருட்டினால் ஈரமான இடத்தில் மை ஒட்டாது, கோட்டில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்கிறார்களே, அந்த ஒன்றுதான் இந்தத் தொழிலின் மொத்த ரகசியம்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மரத்தைச் செதுக்க வேண்டாம், செம்பைக் கீற வேண்டாம். ஓவியன் கை எப்படி ஓடுகிறதோ அப்படியே கோடு தாளில் இறங்கும். கோபத்தில் அழுத்தினால் அழுத்தம் தெரியும். கை நடுங்கினால் நடுக்கமும் தெரியும். பிரெஞ்சு நாட்டு தௌமியே இந்தக் கல்லைக் கொண்டுதான் அரசன் லூயி பிலிப்பைக் கேலி செய்தார். அதற்காக 1832இல் சிறைக்கும் போனார். ஆகவே லித்தோவுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு பழைய உறவு.

தாளில் என்ன இருக்கிறது?

இனி படத்தைப் பாருங்கள். உயரமான, பெரிய தாள். ஆனால் அதில் மூச்சுவிட இடமில்லை. ஜோடிகள் ஒருவர்மேல் ஒருவர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஆண்கள் விருந்துக்குப் போகும் உடுப்பில் இருக்கிறார்கள். பெண்கள் மாலை நேரத்து அலங்காரத்தில். மேலே வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே கைகள் வளைந்து, முழங்கைகள் முளைபோல் நீட்டிக்கொண்டு, உடல்கள் ஒடிந்து தெரிகின்றன.

நடனம் என்றால் சந்தோஷம் அல்லவா? இங்கே சந்தோஷம் எங்கே? சந்தோஷத்தைத் தேடி வந்த கூட்டம், தேடுவதையே மறந்துவிட்டு, நின்றால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் ஆடிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றுகிறது. பம்பரம் சுற்றும்வரைதான் நிற்கும் என்பார்கள். அந்த நிலைமைதான்.

பெயரைக் கவனியுங்கள். மாலெபார்ட்டுஸ் என்பது பிராங்க்பர்ட் நகரில் இருந்த ஒரு விடுதியின் பெயர். ஆனால் அந்தச் சொல் அதற்கும் பழையது. ஐரோப்பாவில் ரைனெக்கே என்ற நரியின் கதையை நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மகாகவி கதேயும் 1794இல் அதைக் காவியமாக எழுதி வெளியிட்டார். அந்த நரியின் வளைக்குத்தான் மாலெபார்ட்டுஸ் என்று பெயர். கதையில் நரி திருடுகிறது, பொய் சொல்கிறது, கொலையும் செய்கிறது. சிங்கராஜாவின் சபையில் விசாரணை நடக்கிறது. முடிவில் நரிக்குத் தண்டனை கிடைக்கவில்லை. மந்திரி பதவி கிடைக்கிறது!

விடுதிக்கு அந்தப் பெயரை வைத்த முதலாளி வேடிக்கையாக வைத்திருக்கலாம். ஆனால் 1919இல் அதே பெயரைப் படத்தின் அடியில் எழுதியபோது அது வேடிக்கையாக இருக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அந்த ஆண்டு

1918 நவம்பரில் ஜெர்மனியில் கடற்படை வீரர்களும் தொழிலாளர்களும் எழுந்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி கெய்சரின் முடி பறிபோனது. 11ஆம் தேதி யுத்தம் நின்றது. ஏறத்தாழ 20 லட்சம் ஜெர்மானியச் சிப்பாய்கள் மாண்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களில் கையற்றவர் எத்தனை பேர், காலற்றவர் எத்தனை பேர், பாதி முகம் போனவர் எத்தனை பேர்! யுத்தம் நின்றும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நிற்கவில்லை. 1919 ஜூலை வரை நீடித்தது. ஊரெங்கும் பசி.

இந்த நிலையில் ஆட்சிக்கு வந்த சோஷல் டெமாக்ரட் தலைவர்கள் என்ன செய்தார்கள்? பழைய ராணுவ அதிகாரிகளோடு கைகோத்தார்கள். 1919 ஜனவரி 15ஆம் தேதி இரவு ரோஸா லக்ஸம்பர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் பெர்லினில் ஏடன் ஓட்டலுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரித்தார்கள், அடித்தார்கள், சுட்டுக் கொன்றார்கள். ரோஸாவின் உடலை லாண்ட்வேர் கால்வாயில் வீசிவிட்டார்கள். மே 31ஆம் தேதிதான் உடல் கிடைத்தது. மார்ச் மாதம் பெர்லினில் மீண்டும் சண்டை மூண்டது. ஆயுதத்தோடு பிடிபட்டவனை அங்கேயே சுடலாம் என்று மந்திரி நோஸ்கே உத்தரவு போட்டார். சுமார் 1,200 பேர் மாண்டார்கள்.

அதே பெர்லினில், அதே மாதங்களில், இன்னொன்றும் நடந்தது. யுத்த காலத்தில் பொது நடனத்துக்குத் தடை இருந்தது. 1918ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவோடு அந்தத் தடை நீங்கியது. அவ்வளவுதான், ஊர் ஆடத் தொடங்கியது. ஒரு தெருவில் துப்பாக்கிச் சத்தம். அடுத்த தெருவில் ஜாஸ் வாத்தியம். யுத்தத்தில் சரக்கைப் பதுக்கிக் கொழுத்தவன், ராணுவக் காண்டிராக்டில் சம்பாதித்தவன், நாளைக்கு இந்தப் பணம் செல்லுமோ செல்லாதோ என்று அஞ்சியவன், எல்லோரும் ஆடினார்கள்.

பதினோரு தாள்களில் எட்டாவது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "மாலெபார்ட்டுஸ்" தனிப்படம் அல்ல. "நரகம்" என்று பெயரிட்ட ஒரு தொகுப்பில் அது ஒரு தாள். 1919 மார்ச்சில் பெக்மன் பெர்லினுக்குப் போய் வந்தார். அங்கே கண்டதிலிருந்து பிறந்தது அந்தத் தொகுப்பு. அட்டைப்படத்தோடு சேர்த்து 11 தாள்கள். பெர்லினில் நாய்மன் என்ற பதிப்பாளர் வெளியிட்டார்.

அட்டையில் ஓவியர் தன் முகத்தையே வரைந்திருக்கிறார். கூடவே, திருவிழாக் கொட்டகை வாசலில் நின்று ஜனங்களைக் கூப்பிடுகிறவன் பாணியில் சில வரிகள். உள்ளே வந்தால் சலிப்பே இராது, திருப்தி இல்லையென்றால் காசு வாபஸ் என்று அழைக்கிறார். எதைக் காட்ட? நரகத்தைக் காட்ட!

உள்ளே போவோம். முதல் படம் "வீடு திரும்பும் வழி". இரவு நேரம், தெரு விளக்கு. விளக்கடியில் ஓவியர் ஒரு மனிதனை எதிர்கொள்கிறார். யுத்தத்தில் முகம் சிதைந்து, கை இழந்த சிப்பாய். பின்னால் உடலை விற்று வயிறு வளர்க்க வேண்டிய பெண். பிறகு "தெரு". அதற்கு அடுத்தது "உயிர்ப்பலி". அது ரோஸா லக்ஸம்பர்க்கின் படுகொலை. சிலுவையில் அறைந்ததுபோல் கைகள் விரிந்து கிடக்க, சிப்பாய்கள் அவரை அடித்துக் கொல்கிறார்கள். பிறகு "பசி". மேஜையைச் சுற்றி ஒரு குடும்பம். பிறகு "சித்தாந்திகள்". ஊர் எரிகிறது; இவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு "இரவு". பார்க்க மனம் பதறும் படம். ஒரு மச்சு அறைக்குள் முரடர்கள் புகுந்து ஒரு குடும்பத்தைச் சித்திரவதை செய்கிறார்கள். ஒருவனைத் தூக்கில் மாட்டி அவன் கையைத் திருகுகிறார்கள். பெண்ணின் கைகளைக் கட்டியிருக்கிறார்கள். தரையில் ஒரு கிராமபோன். கிராமபோன் ஏன் அங்கே என்று கேட்கிறீர்களா? தாளைத் திருப்புங்கள். அடுத்த தாள்தான் நம்முடைய "மாலெபார்ட்டுஸ்". சித்திரவதை அறையில் தரையில் கிடந்த சங்கீதம் இங்கே மேடையேறிவிட்டது!

அதற்கும் அடுத்த தாளைத் திருப்புங்கள். "தேசபக்திப் பாட்டு". சோர்ந்துபோன மனிதர்கள், உற்சாகமில்லாத குரலில், தங்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்த அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் "கடைசியில் நின்றவர்கள்". ஒரு வீட்டுக்குள் இருந்து கடைசித் தோட்டா வரை போராடும் புரட்சிக்காரர்கள். முடிவில் "குடும்பம்". ஓவியரின் சொந்த மகன், சிறு பையன், தலையில் சிப்பாயின் இரும்புத் தொப்பி, கையில் எறிகுண்டுகளோடு விளையாடுகிறான். அடுத்த யுத்தத்துக்கு ஆள் தயார்!

தோழர்களே, நடனப் படத்தின் அர்த்தம் நடனத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் பணக்காரர் ஆட்டம். இரண்டு பக்கத்துத் தாள்களோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் கணக்குப் புத்தகம். ஒரு பக்கம் கொலை, ஒரு பக்கம் பாட்டு, நடுவில் ஆட்டம். அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாதவன் ஆடவில்லை. தெரிந்தும், காதில் விழாதபடி வாத்தியத்தை உரக்க வாசிக்கச் சொல்லி ஆடுகிறான்.

நரிக்கும் மந்திரி பதவி கிடைக்கத்தான் செய்தது. ரோஸா கொலை வழக்கு 1919 மே மாதம் ராணுவ நீதிமன்றத்தில், அதாவது கொலைகாரர்களின் சகாக்கள் முன்னாலேயே நடந்தது. துப்பாக்கிக் கட்டையால் அடித்த ரூங்கே என்ற சிப்பாய்க்கு இரண்டு ஆண்டு. இன்னொரு அதிகாரிக்கும் இரண்டு ஆண்டுச் சொச்சம். அவன் ஹாலந்துக்குத் தப்பிப் போனான். எல்லாவற்றையும் நடத்திவைத்த காப்டன் வால்டெமர் பாப்ஸ்ட் மேல் வழக்கே இல்லை. 1962இல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, ஆம், நான்தான் செய்வித்தேன் என்று சொன்னான். 1970இல் படுக்கையில் நிம்மதியாகச் செத்தான்.

ஓவியர் யார்?

பெக்மன் நம்மவரா? இல்லை. அவரை இழுத்து வந்து நம் பந்தலில் உட்கார வைக்க நான் விரும்பவில்லை. 1884இல் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். யுத்தத்துக்கு முன்பே பெயரெடுத்த ஓவியர். டைட்டானிக் கப்பல் மூழ்கியதையும், மெஸ்ஸினா பூகம்பத்தையும் பெரிய படங்களாக வரைந்தவர். 1914இல் மருத்துவப் பணியாளராகத் தாமே யுத்தத்துக்குப் போனார். தன் கலைக்கு அங்கே நல்ல தீனி கிடைக்கிறது என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்தான்!

தீனி கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட தீனி? பிளாண்டர்ஸ் போர்முனையில் அறுவை சிகிச்சைக் கூடங்களில் கண்ட காட்சிகள். 1915இல் அவர் நரம்புத் தளர்ச்சியால் நொடிந்து விழுந்தார். பிராங்க்பர்ட்டில் நண்பர் வீட்டில் ஒதுங்கினார். அதற்குப் பிறகு பழைய மாதிரி அவரால் வரைய முடியவில்லை. வாசல் தோழர் கேட்டாரே, கையும் காலும் ஏன் கோணல் என்று, இதுதான் காரணம். கோணலை அவர் கண்டுபிடிக்கவில்லை. மனித உடலை அந்த யுத்தம் அப்படி முறுக்கிப் போட்டது. அவர் கண்டதை வரைந்தார். மாற்றி, எல்லாரையும் வாட்டசாட்டமாக, பூரித்த முகத்தோடு வரைந்திருந்தால் அதுதான் பொய்.

அவர் கட்சி எதிலும் சேர்ந்தவரல்ல. "இரவு" படத்தில் தாக்குகிறவர்களில் ஒருவன் தொழிலாளியின் தொப்பி போட்டிருக்கிறான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. யார் எந்தப் பக்கம் என்று அவர் திட்டமாகச் சொல்லவில்லை. எல்லாத் திக்கிலும் பயத்தைக் கண்டவர் அவர். ஆனால் நேர்மையானவர். ரோஸாவின் கொலையை அந்த ஆண்டே கல்லில் ஏற்றினார். "வீடு திரும்பும் வழி"யில் தன்னையே விளக்கடியில் நிறுத்தினார். "குடும்ப"த்தில் தன் பிள்ளையையே காட்டினார். நரகத்தை வெளியே நின்று விரல் நீட்டிக் காட்டவில்லை; நானும் இதற்குள் இருக்கிறேன் என்றார்.

ஆடுவது குற்றமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் படத்தைக் காட்டி, "பார்த்தாயா, நடனம் கெட்டது, நகரம் கெட்டது, பெண் அலங்காரம் செய்வது கெட்டது" என்று உபதேசம் செய்பவர்கள் வருவார்கள். அவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உழைத்தவனுக்குப் பாடவும் ஆடவும் உரிமை உண்டு. ஓய்வுக்காகவும்தானே எட்டு மணி வேலை கேட்டுப் போராடினோம்! ஜெர்மானியத் தொழிலாளிக்கு அந்த எட்டு மணி வேலைநாள் கிடைத்ததே 1918 நவம்பர் புரட்சியினால்தான்.

இரவு விடுதியைச் சபித்து ஒழுக்கம் பேசியவர்களில் மிக உரக்கப் பேசியவன் ஹிட்லர் என்பதை மறக்காதீர்கள். அவனுக்குப் பசி கண்ணில் படவில்லை, பதுக்கல்காரன் கண்ணில் படவில்லை. ஜாஸ் வாத்தியமும் குட்டைப் பாவாடையும் யூதனும்தான் கண்ணில் பட்டன. நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையைக் குறை சொன்ன வைத்தியன் அவன்.

பெக்மன் உபதேசம் செய்யவில்லை. ஆடுகிறவர்களை மிருகங்களாக வரையவில்லை. அவர்களும் சிக்கிக்கொண்டவர்கள்தான். பெண்களைப் பாருங்கள், வாத்தியக்காரர்களைப் பாருங்கள். பிறர் சந்தோஷத்துக்காக இரவு முழுவதும் கூலிக்கு வாசிக்கும் வாத்தியக்காரனும் தொழிலாளிதான். குற்றவாளி நடனம் அல்ல. ஒருவன் பசியை மறக்க இன்னொருவன் ஆட்டத்துக்குப் பணம் வாங்கித்தர வேண்டியிருக்கும் அமைப்பு.

எழுபத்தைந்து பிரதிகள்

இனி ஒரு குறையையும் சொல்ல வேண்டும். "நரகம்" 75 பிரதிகள்தான் அச்சானது. லித்தோவில் ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். ஆனால் 75 தான். ஏனென்றால் குறைவாக இருந்தால்தான் கலைச்சந்தையில் விலை. ஏழை எழுத்தாளன் மலிவாக அச்சிடக் கண்டுபிடித்த முறையைச் சந்தை என்ன செய்துவிட்டது பாருங்கள்! பசியை வரைந்த தாள் பசித்தவன் வீட்டுக்குப் போகவில்லை.

வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் குரோஸ், கம்யூனிஸ்ட் கட்சி பிறந்த நாட்களிலேயே உறுப்பினரானவர். மாலிக் பதிப்பகத்தின் மூலம் ராணுவ அதிகாரிகளையும் பதுக்கல்காரர்களையும் இரவு விடுதிகளையும் வரைந்து தள்ளினார். ராணுவத்தை அவமதித்ததாக 1921இல் அவருக்கு அபராதம் விதித்தார்கள். 1923இல் வந்த அவருடைய "எக்கே ஹோமோ" ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். தெருவில் பெண் உடலை விற்பது ஆபாசம் இல்லை; அதை வாங்குகிறவனை வரைந்தால் ஆபாசம்! குரோஸ் பிற்காலத்தில் கட்சியைவிட்டு விலகி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஆனாலும் அந்த ஆண்டுகளின் கோடுகள் நம்முடையவைதான்.

கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் இன்னொரு வழி. அவருடைய "ஜெர்மனியின் குழந்தைகள் பசியால் வாடுகிறார்கள்", "இனி யுத்தம் வேண்டாம்" ஆகிய லித்தோ படங்கள் 1923, 1924ஆம் ஆண்டுகளில் சுவரொட்டிகளாகச் சுவர்களுக்கே போயின. வாங்கப் பணம் வேண்டாம். தெருவில் நடந்தால் போதும். யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் அவர். கேளிக்கையை அவர் வரையவில்லை. கேளிக்கைக்கு வெளியே வாசலில் நின்றவர்களை வரைந்தார். குரோஸ் கேலி செய்தார், கோல்விட்ஸ் அழுதார், பெக்மன் அதிர்ந்து நின்றார். மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் காலம் முழுதாகத் தெரியும்.

பெர்லினுக்கு மீண்டும்

1922இல் பெக்மன் மறுபடியும் பெர்லின் போனார். "பெர்லின் பயணம்" என்று இன்னொரு லித்தோ தொகுப்பு வந்தது. அதில் நிர்வாண நடனம் உண்டு, நாடகக் கொட்டகையின் முன்கூடம் உண்டு, மட்டமான சாராயக்கடை உண்டு, பிச்சைக்காரர்களும் உண்டு. "ஏமாற்றமடைந்தவர்கள்" என்று இரண்டு படங்கள். ஒன்றில் கெய்சர் போய்விட்டானே என்று வாடும் பழைய பிரபுக்கள். மற்றொன்றில் புரட்சி தோற்றுவிட்டதே என்று சோர்ந்த அறிவாளிகள். தொகுப்பின் முடிவில் யார் தெரியுமா? புகைபோக்கி துடைக்கும் தொழிலாளி. ஊர் முழுதும் ஆடிக் களைத்துத் தூங்கும்போது கூரைமேல் ஏறி நிற்கிறான். மற்றப் படங்களில் உள்ள நெரிசல் எல்லாம் கீழே கிடக்க, அவன் மட்டும் மேலே நிற்கிறான்.

அடுத்த ஆண்டு பணவீக்கம் உச்சத்துக்குப் போனது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க். ஆயுள் முழுதும் சேமித்த பணம் ஒரு ரொட்டிக்குக் காணவில்லை. பிறகு கொஞ்ச காலம் நிமிர்ந்தது. 1929இல் மீண்டும் சரிந்தது. 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சம். 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். "குடும்பம்" படத்துப் பையன் கையில் இருந்த எறிகுண்டு விளையாட்டுச் சாமான் அல்ல என்று உலகம் தெரிந்துகொண்டது.

பிராங்க்பர்ட் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பெக்மனை 1933இலேயே வெளியேற்றினார்கள். அவருடைய படைப்புகள் 500க்கும் மேல் பொதுக் காட்சிசாலைகளிலிருந்து பறிமுதலாயின. 1937 ஜூலை 19ஆம் தேதி மியூனிக்கில் "சீரழிந்த கலை" என்ற பெயரில் ஒரு கண்காட்சி திறந்தார்கள். ஜனங்கள் பார்த்துக் காறித் துப்பட்டும் என்று சுமார் 650 படைப்புகளை அவமானமான வாசகங்களோடு மாட்டினார்கள். பெக்மனுடையவையும் இருந்தன. அந்த நாளிலேயே அவர் மனைவியோடு ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டார். பிறகு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. 1950 டிசம்பர் 27இல் நியூயார்க் தெருவில் நடக்கும்போது விழுந்து இறந்தார்.

நம் பக்கத்துத் தவறு

பிறரைக் குறை சொல்லிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் போவது முறையல்ல. முகம் கோணிய படம் என்றால் அது முதலாளித்துவச் சீரழிவு, தொழிலாளிக்குத் தேவையில்லை என்று நம் இயக்கத்திலும் சொன்னவர்கள் உண்டு. இந்த வகைக் கலையைப் பற்றி 1937, 1938ஆம் ஆண்டுகளில் மாஸ்கோவில் வெளிவந்த "தாஸ் வோர்ட்" என்ற ஜெர்மன் பத்திரிகையில் பெரிய விவாதமே நடந்தது. ஜார்ஜ் லூகாச் கடுமையாக எதிர்த்தார். எர்ன்ஸ்ட் பிளாக் அதற்கு மறுப்பு எழுதினார். பத்திரிகையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தும் பிரெக்ட் தன் மறுப்புகளை அப்போது வெளியிடவில்லை. அவர் இறந்த பிறகுதான் அவை அச்சேறின.

லூகாச் சொன்னதில் உண்மை இல்லையா? உண்டு. அலறல் மட்டும் போதாது; ஏன் வலிக்கிறது, யார் அடிக்கிறான் என்று தெரிய வேண்டும் என்றார். சரிதான். ஆனால் அலறாதே என்று வாயைப் பொத்துவது அதற்கு வழி அல்லவே! அதே மாதங்களில் மியூனிக்கில் பாசிஸ்டுகள் இந்தப் படங்களைத் துப்பச் சொல்லி மாட்டியிருந்தார்கள். எதிரி துப்புகிற இடத்தில் நாமும் முகம் சுளித்து நின்றால், பார்க்கிறவன் இரண்டு பேருக்கும் வித்தியாசம் எப்படிக் காண்பான்? கலைஞன் காட்டியது பாதி என்றால் மறுபாதியைச் சொல்ல வேண்டியது நாம். அதற்காக அவன் காட்டிய பாதியைக் கிழிக்கக் கூடாது.

வாசல் தோழருக்கு

வாசலில் நின்ற தோழரே, இதில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். என் பதில் இதுதான்.

படத்தில் தொழிலாளி இல்லை, உண்மை. அவனை உள்ளே விடவில்லை. அவன் அடுத்த தாள்களில் இருக்கிறான். விளக்கடியில் பாதி முகத்தோடு நிற்கிறான். பசியோடு மேஜைமுன் உட்கார்ந்திருக்கிறான். வீட்டுக்குள் இருந்து கடைசித் தோட்டாவைச் சுடுகிறான். விடிந்தால் கூரைமேல் ஏறுகிறான். அவனை இந்தத் தாளில் காணவில்லையே என்று உங்களுக்குத் தோன்றியதே, அந்தக் கேள்வியே இந்தப் படம் செய்த வேலை.

பத்திரிகையில், சினிமாவில், சுவரில், கையில் உள்ள டெலிபோனில் நமக்குத் தினமும் ஆயிரம் கேளிக்கைப் படங்கள் காட்டுகிறார்கள். எல்லாம் தனித் தாள்கள். முன் தாளையும் பின் தாளையும் கிழித்துவிட்டுத்தான் காட்டுகிறார்கள். பெக்மன் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: ஜொலிக்கும் படம் எதைப் பார்த்தாலும், இதற்கு முந்திய தாள் எங்கே, பிந்திய தாள் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்கத் தெரிந்தவனை நரி எளிதில் ஏமாற்ற முடியாது.

இனி தோழர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும். படத்தை மேஜைமேல் வைத்திருக்கிறேன். மற்றத் தாள்களின் நகல்களும் இருக்கின்றன. வரிசை மாற்றாமல் பாருங்கள்.